இன்-பிராசஸ் கேஜ் இருந்தும் சைஸ் ஏன் நகர்கிறது?

கேள்வி இதுதான்: "கோவையில் பம்ப் மோட்டார் ஷாஃப்ட் கிரைண்டிங் செய்கிறோம். 6206 பேரிங் உட்காரும் சீட், 30 கே5. சிஎன்சி சிலிண்ட்ரிக்கல் கிரைண்டரில் இரண்டு விரல் இன்-பிராசஸ் கேஜ் மாட்டியிருக்கிறோம். காலையில் எடுக்கும் ஷாஃப்ட் சரியாக இருக்கிறது. மதியம் எடுப்பது, ஏசி வைத்த அளவீட்டு அறையில் 4 மைக்ரான் சின்னதாக நிற்கிறது. கேஜ் சர்வீஸ்காரர் சென்சார் நல்லது என்கிறார். எங்கே தேடுவது? கிரைண்டரில் இருக்கும் மற்ற சென்சார்களையும் பார்க்க வேண்டுமா?"

சர்வீஸ்காரர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். தன் இரண்டு முனைகளுக்கு நடுவில் அந்த நொடியில் என்ன அகலம் இருக்கிறதோ அதை, கிரைண்டிங் நடக்கும்போதே விட்டத்தை அளக்கும் இந்த கேஜ் ஒழுங்காகச் சொல்லிவிடும். அந்த அகலத்துக்குள் ஷாஃப்ட் மட்டும் இருக்கிறதா, அதன் சூடும் சேர்ந்திருக்கிறதா, முனைக்கு அடியில் கிரைண்டிங் சேறு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் தேடலை முனையிலிருந்து வெளியே தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் நம் கையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 30 கே5 என்றால் 30.002 முதல் 30.011 மி.மீ. வரை, மொத்தம் 9 மைக்ரான். அதில் 4 மைக்ரான் மதிய வெயிலுக்கே போய்விட்டால் வீல் தேய்மானம், டேப்பர், வட்டப் பிழை எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 மைக்ரான்தான் மிச்சம். பெரிதாக வந்த ஷாஃப்டை இன்னொரு முறை ஏற்றலாம். சின்னதாக வந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கண்டுகொள்ளாமல் பேரிங் ஏற்றினால் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல வழுக்கிச் சுற்றி, சீட்டையே தின்றுவிடும்.

கேஜ் எப்படி அளக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. தலைப்பகுதி முன்பக்கத்திலிருந்து ஸ்லைடில் வந்து, ஒரு விரல் ஷாஃப்டின் மேலேயும் ஒன்று கீழேயும் உட்காரும். ஒவ்வொரு விரலின் பின்முனையிலும் ஒரு எல்விடிடி, அல்லது அதே இனத்தைச் சேர்ந்த அரைப்பாலச் சுருள் சென்சார் இருக்கும். எல்விடிடியில் நடுவில் ஒரு முதன்மைச் சுருள், இரு பக்கமும் எதிரெதிராக இணைத்த இரண்டு துணைச் சுருள்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கரு நடுவில் நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து வெளியீடு பூஜ்யமாகும். கரு நகர்ந்தால் நகர்ந்த தூரத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் வரும். உரசும் பாகம் இல்லாததால் தேயாது. அதனால்தான் கூலண்டும் பொடியும் தெறிக்கும் இடத்தில் இத்தனை வருடமாக இது நிலைத்திருக்கிறது. இரண்டு விரலின் அளவையும் கூட்டித்தான் விட்டம் வருகிறது. ஷாஃப்ட் 2 மைக்ரான் மேலே ஏறினால் மேல் விரலில் கூடும், கீழ் விரலில் அதே அளவு குறையும். கூட்டினால் மாற்றம் இல்லை. ஆகவே ஷாஃப்டை இரு முனையிலும் தாங்கும் சென்டர் சற்று மேலும் கீழும் ஆடுவதை இந்த கேஜ் பொறுத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஆடுவதைத்தான் பொறுக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வெப்பம். நீங்கள் சொன்ன அடையாளம் மூன்று: மதியம் வருகிறது, எப்போதும் ஒரே பக்கமாக வருகிறது, ஏசி அறையில் தெரிகிறது. மூன்றும் வெப்பத்தையே காட்டுகின்றன. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 30 மி.மீ. ஷாஃப்டுக்கு அது டிகிரிக்கு 0.345 மைக்ரான். மாஸ்டரும் (கேஜை ஜீரோ செட் செய்ய வைத்திருக்கும், அளவு தெரிந்த துண்டு) ஷாஃப்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நீளும், கேஜுக்கு வித்தியாசம் தெரியாது, பிழையும் வராது. பிழை வருவது இரண்டுக்கும் இடையில் சூடு மாறும்போதுதான். மாஸ்டரை அளவீட்டு அறையிலிருந்து 23 டிகிரியில் கொண்டுவந்து உடனே ஜீரோ செட் செய்து, அதற்குப் பிறகு 35 டிகிரி கூலண்டில் குளித்த ஷாஃப்டை கிரைண்ட் செய்தால் வித்தியாசம் 12 டிகிரி, 4.1 மைக்ரான். கேஜ் ஜீரோ காட்டும் நொடியில் அந்த ஷாஃப்ட் சூட்டில் பெரிதாக இருக்கிறது. ஆறியதும் 4 மைக்ரான் சுருங்குகிறது. உங்கள் எண்ணும் இதுவே.

காலையில் ஜீரோ செட் செய்துவிட்டு நாள் முழுக்க அதையே வைத்து ஓட்டினாலும் இதே கதைதான். காலை 27 டிகிரியில் இருந்த கூலண்ட் மதியம் 36-க்கு ஏறிவிடும். வெயில் மட்டும் காரணமில்லை. கூலண்ட் பம்ப் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் அந்தத் தொட்டியில் இறங்குகிறது. 400 லிட்டர் தொட்டியில் 2 கிலோவாட் சூடு இறங்கினால், வெளியே போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 14 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். கிரைண்டிங் சூடு அதற்கு மேல். தொட்டி பாதி காலியாக ஓடினால் ஏற்றம் இரட்டிப்பு வேகம். நிறைய ஷாப்களில் தொட்டி மட்டம் குறைந்திருப்பதை யாரும் சைஸ் பிரச்சினையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. மாஸ்டர் டிஸ்க்கை அளவீட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள். மெஷினிலேயே, கூலண்ட் நனைக்கும் இடத்தில், துருப்பிடிக்காதபடி ஒரு ஹோல்டரில் வையுங்கள். ஜீரோ செட் செய்யும் முன் கூலண்ட் நாசிலுக்குக் கீழ் 5 நிமிடம் நனையட்டும். மாஸ்டர் ஷாஃப்டைப் போலவே எஃகில் இருக்க வேண்டும். கார்பைடு மாஸ்டர் தேயாது என்று வாங்குவார்கள், ஆனால் கார்பைடு எஃகில் பாதி அளவுதான் விரியும். சூடு ஏற ஏற இரண்டும் பிரிந்துகொண்டே போகும். அளவீட்டு அறையில் எடுத்து வைத்த மாஸ்டரின் எண் 20 டிகிரிக்கானது. 20 டிகிரி என்பது 1931-ல் சர்வதேச அளவில் ஏற்ற குறிப்பு வெப்பநிலை. ஐஎஸ்ஓ 1 சொல்வதும் அதுவே. மெஷினிலேயே மாஸ்டரும் ஷாஃப்டும் ஒரே சூட்டில் இருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பலாம்.

மாஸ்டர் வைத்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும். கிரைண்டிங் முடியும் நொடியில் ஷாஃப்ட் கூலண்டைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். 6 டிகிரி என்றால் 2 மைக்ரான். ஒவ்வொரு ஷாஃப்டிலும் இது ஒரே மாதிரி இருந்தால், ஆஃப்செட்டில், அதாவது கேஜ் எண்ணுக்குக் கொடுக்கும் திருத்தத்தில், ஒரு தடவை ஏற்றிவிட்டு மறந்துவிடலாம். ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் கிரைண்டிங் அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும்: டர்னிங்கிலிருந்து வரும் அலவன்ஸ் (கிரைண்டிங்குக்கு விட்டுவைக்கும் மிச்சம்) ஒன்றில் 0.20 மி.மீ., இன்னொன்றில் 0.40 என்று இருந்தால் சூடும் அப்படியே மாறும், சைஸும் மாறும். கிரைண்டிங் சைஸ் சிதறலுக்கு டர்னிங் மெஷின் காரணமாக இருப்பது இப்படித்தான். சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் வரும் முதல் இரண்டு மூன்று ஷாஃப்டும் இதே காரணத்தால் தனியாக நிற்கும். அவற்றைத் தனியே வைத்து அளக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் கூலண்டையும் வீலையும் ஓடவிட்டால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும்.

கூலண்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் சில்லர் வாங்கலாமா என்றால், 9 மைக்ரான் டாலரன்ஸில் தினமும் ஓடும் மெஷினுக்கு வாங்குவது சரி. ஆனால் அதைக் குளிராக வைக்கப் பார்க்காதீர்கள். ஷாப் 34 டிகிரியில் இருக்கும்போது கூலண்டை 22-ல் நிறுத்தினால் மெஷின் பெட் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகி வளையும். நாள் முழுக்க மாறாமல் இருப்பதே வேண்டியது. ஷாப்பின் சராசரியை ஒட்டி ஒரு எண், அதிலிருந்து 1 டிகிரிக்கு மேல் நகராமல்.

அளவீட்டு அறையில் செய்யும் பிழையையும் இதோடு பாருங்கள். மெஷினிலிருந்து எடுத்த ஷாஃப்டை பத்து நிமிடத்தில் அளந்தால் அது இன்னும் ஆறியிருக்காது. குறைந்தது 2 மணி நேரம் வைக்க வேண்டும். கனமான வார்ப்பிரும்புத் தட்டின் மேல் கிடத்தினால் சீக்கிரம் ஆறும். காலையில் அவசரமாகவும் மதியம் நிதானமாகவும் அளந்தாலே 1, 2 மைக்ரான் வித்தியாசம் தானாக வந்துவிடும்.

வெப்பத்தைச் சரி செய்த பிறகும் சிதறல் மிஞ்சினால், விரல்கள் ஷாஃப்டின் நடுக்கோட்டில் உட்காருகின்றனவா என்று பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது. இரண்டு முனைகளும் ஷாஃப்டின் உச்சியிலும் அடியிலும் சரியாகத் தொட்டால் விட்டம் கிடைக்கும். 0.5 மி.மீ. முன்னால் அல்லது பின்னால் தொட்டால் விட்டத்துக்குப் பதில் ஒரு நாண் கிடைக்கும், 30 மி.மீ. ஷாஃப்டில் அது சுமார் 17 மைக்ரான் குறைவாகக் காட்டும். மாஸ்டரிலும் அதே 0.5 என்பதால் ஜீரோ செட் செய்யும்போது இது மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த 0.5 ஒரு நாள் 0.6 ஆனால் குறைவு 24 மைக்ரான் ஆகிவிடும். ஸ்லைடு 0.1 மி.மீ. நகர்ந்ததற்கு சைஸ் 7 மைக்ரான் நகர்கிறது. முனையின் ரேடியஸைப் பொறுத்து எண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சரியாக நடுவில் இருந்த முனை அதே 0.1 நகர்ந்தால் ஒரு மைக்ரான்கூட மாறாது. பிழை விலகலின் வர்க்கத்தோடு வளர்வதால், நடுக்கோட்டில் உட்கார வைத்த கேஜ் தானாகவே சகிப்புத்தன்மையோடு இருக்கும்.

நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். மாஸ்டரை சென்டரில் ஏற்றி, கேஜை முன்னே விட்டு, ஸ்லைடின் ஸ்டாப் போல்ட்டை மெல்லத் திருகிக்கொண்டே டிஸ்ப்ளேயைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கும். அதிகபட்சம் காட்டும் இடமே நடுக்கோடு. அங்கே நிறுத்தி லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே எண் நகரும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். இது எப்போது கெடும்? ஸ்டாப்பின் முகத்தில் கிரைண்டிங் சேறு படிந்து ஸ்லைடு முழுதாக வராதபோது. ஹைட்ராலிக் அல்லது ஏர் அழுத்தம் குறைந்து ஸ்லைடு கடைசித் தள்ளலைத் தராதபோது. தேய்ந்த சென்டரை மாற்றியபோது. டேபிளை டேப்பருக்காகத் திருப்பியபோது. இந்த நான்கில் எது நடந்தாலும் நடுக்கோட்டை மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஜீரோ செட்.

முனைகளில் வரும் பிழைக்கு ஒரு திசை உண்டு. அந்தத் திசையை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முனைக்கு அடியில் பொடி அல்லது சேறு மாட்டினால் விரல் விரியும். ஷாஃப்ட் பெரிது என்று கேஜ் நினைக்கும். வீல் இன்னும் தின்னும். ஷாஃப்ட் சின்னதாக வரும். முனை தேய்ந்தால் விரல் அதிகம் மூடும். ஷாஃப்ட் ஏற்கெனவே சைஸுக்கு வந்துவிட்டது என்று கேஜ் நினைத்து வீலைச் சீக்கிரம் பின்வாங்கச் சொல்லும். ஷாஃப்ட் பெரிதாக வரும். தேய்மானம் வாரக்கணக்கில் மெதுவாக நகர்த்தும். சேறு ஒரே ஷாஃப்டில் குதிக்கும், அடுத்ததில் சரியாகிவிடும். கார்பைடு முனையைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தேய்ந்த தட்டை இடம் பளபளவென்று தெரியும். டைமண்ட் முனையில் அந்தத் தட்டை வர வெகுகாலம் ஆகும். கடினப்படுத்திய ஷாஃப்ட் ஓடும் மெஷினுக்கு டைமண்ட் முனைதான். சேற்றுக்கு மருந்து முனையின் மேலேயே விழும்படி ஒரு சின்ன கூலண்ட் குழாய். அது வடிகட்டிய கூலண்டாக இருக்க வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து இழுத்தால் சேற்றை நாமே கொண்டுவந்து முனையில் ஊற்றுகிறோம். காந்தப் பிரிப்பானும் பேப்பர் பேண்ட் ஃபில்டரும் ஓடுகின்றனவா என்று தினமும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

கீவே அல்லது பள்ளம் இருக்கும் ஷாஃப்டானால் விரல் அதில் விழுந்து ஏறும். அப்படிப்பட்ட ஜாபுக்கு கேஜ் தலையில் டாம்பர் இருக்க வேண்டும், அல்லது ஆம்ப்ளிஃபயரில் இடைவெளியைத் தாண்டும் ஹோல்ட் வசதியை இயக்க வேண்டும். வழவழப்பான சீட்டுக்கு வைத்த செட்டிங்கை அப்படியே கீவே ஷாஃப்டுக்குப் போட்டால் முனை தட்டித் தட்டி உடையும்.

அடுத்தது, கேஜ் சிக்னலும் ஃபீடும் (வீல் ஷாஃப்டை நோக்கி முன்னேறும் வேகம்) சேரும் இடம். பொதுவாக ஆம்ப்ளிஃபயர் மூன்று நான்கு கட்டளை தரும்: கரடு ஃபீடிலிருந்து நடு ஃபீடுக்கு, நடுவிலிருந்து ஃபைனுக்கு, கடைசியில் சைஸ், அதாவது பின்வாங்கு. 0.30 மி.மீ. அலவன்ஸ் உள்ள ஷாஃப்டுக்குத் தொடங்கும் இடமாக, விட்டத்தில் 0.08 மீதமிருக்கும்போது நடு ஃபீடு, 0.02 மீதமிருக்கும்போது ஃபைன் என்று வைத்துப் பாருங்கள். வீலும் ஷாஃப்டின் நீளமும் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபயரில் ஃபில்டர் என்று ஒரு செட்டிங் இருக்கும். டிஸ்ப்ளே நடுங்காமல் இருக்க அதை ஏற்றி வைத்துவிடுவார்கள். ஷாஃப்ட் 120 ஆர்பிஎம்-ல் சுற்றுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 0.5 நொடி. ஓவாலிட்டியைச் சராசரி செய்ய ஃபில்டரும் அந்த அளவு வேண்டும். ஆனால் ஃபில்டர் என்றால் தாமதம். ஃபைன் ஃபீடு விட்டத்தில் நிமிடத்துக்கு 0.10 மி.மீ. என்றால் நொடிக்கு 1.67 மைக்ரான், 0.5 நொடி தாமதத்தில் கேஜ் உண்மையைவிட 0.8 மைக்ரான் பின்னால் ஓடுகிறது. ஃபீடு மாறாதவரை அந்த 0.8 ஆஃப்செட்டில் அடங்கிவிடும். ஆபரேட்டர் அவசரத்துக்கு ஃபீடு ஓவர்ரைடை 150 சதவீதம் ஆக்கினால் பின்தங்கல் 1.25 ஆகும், யாரும் கேஜைத் தொடாமலே சைஸ் 0.4 மைக்ரான் குறையும், வீல் தள்ளும் விசையால் வரும் வித்தியாசம் அதற்கு மேல். ஃபைன் கட்டத்தில் ஓவர்ரைடு வேலை செய்யாதபடி புரோகிராமில் பூட்டிவிடுங்கள்.

வீல் தள்ளும் விசை என்றேன். ஃபீடு நின்ற பிறகும் ஷாஃப்டும் வீல்ஹெட்டும் வளைந்து நின்ற இறுக்கம் மெல்ல விடுபட்டு, வீல் இன்னும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். ஸ்பார்க் அவுட் என்பது இதற்கான நேரம். இந்த இறுக்கம் ஒரு குறிப்பிட்ட கால அளவுக்கு (டைம் கான்ஸ்டன்ட்) ஒருமுறை ஒரே விகிதத்தில் குறையும். அந்தக் கால அளவைப்போல் மூன்று மடங்கு காத்திருந்தால் 5 சதவீதம்தான் மிஞ்சும். வீல் மழுங்க மழுங்கக் கால அளவு நீளும். ஆகவே "3 நொடி ஸ்பார்க் அவுட், பிறகு பின்வாங்கு" என்று நேரத்தை வைத்து முடித்தால், டிரஸ்ஸிங் (டைமண்டால் வீலின் முகத்தைச் சீவிப் புதுப்பிப்பது) ஆன புது வீலில் ஒரு சைஸும் அடுத்த டிரஸ்ஸிங்குக்கு முந்தைய ஷாஃப்டில் வேறு சைஸும் வரும். மிக மெதுவான ஃபைன் ஃபீடில் கேஜின் சைஸ் சிக்னலையே பின்வாங்கும் கட்டளையாக வைப்பதுதான் என் விருப்பம். சைஸ் சிக்னல் வருவதற்கு முன் மெஷின் நேரக்கணக்கில் முடித்துவிடுகிறதா என்று மெஷினின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் லாஜிக்கில் ஒரு தடவை பாருங்கள். கேஜ் இருந்தும் இல்லாததுபோல் ஓடும் மெஷின்கள் உண்டு.

இந்த கேஜால் பார்க்கவே முடியாத பிழைகளும் உண்டு. இரண்டு புள்ளிகளில் தொடும் எந்தக் கருவிக்கும் மூன்று மடல் உள்ள ஷாஃப்ட் முழு வட்டமாகத்தான் தெரியும். ஒரு பக்கம் மேடு என்றால் நேர் எதிரே பள்ளம், கூட்டினால் ஒரே எண். மைக்ரோமீட்டரும் ஏமாறும். சென்டர்லெஸ் கிரைண்டிங் செய்த கம்பியில் இது சகஜம். சென்டர் துளை சரியாக இல்லாத ஷாஃப்டிலும் வரும். 60 டிகிரி வி-பிளாக்கில் உருட்டி டயல் வைத்தால் மூன்று மடல் பிழை மூன்று மடங்காகத் தெரியும். டேப்பரும் அப்படியே: கேஜ் ஒரு இடத்தில் மட்டும் தொடுகிறது, சீட்டின் மறு ஓரம் 3 மைக்ரான் சின்னதாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் ஷாஃப்டின் சீட்டை இரண்டு ஓரத்திலும் அளக்கச் சொல்லுங்கள்.

கேஜையே சோதிக்க வேண்டுமானால் இந்த வரிசை. மாஸ்டரைத் தொட்டபடி 30 நிமிடம் சும்மா விடுங்கள், கூலண்ட் இல்லாமல். எண் நகர்ந்தால் மின்பகுதி அல்லது தலைக்குள் ஈரம். அடுத்து கூலண்டைத் திறந்து அதே 30 நிமிடம். இப்போது நகர்ந்தால் வெப்பம், அல்லது கூலண்ட் தலையைத் தள்ளுகிறது. மூன்றாவதாக, ஸ்லைடைப் பின்னே இழுத்து முன்னே விட்டு 25 தடவை எண்ணைக் குறியுங்கள். கேஜ் திறன் கணக்கில் டாலரன்ஸின் 20 சதவீதம், திட்ட விலக்கத்தின் 6 மடங்கைப்போல் 1.33 மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். 9 மைக்ரானுக்கு அது 0.22 மைக்ரான் திட்ட விலக்கம். 25 எண்ணில் பெரியதும் சிறியதும் சுமார் 0.9-க்குள் இருந்தால் அது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தலை இதைவிட நன்றாகவே செய்யும். நான்காவதாக, வீல் தொடாமல் மாஸ்டரைச் சுற்றவிட்டுப் பாருங்கள். நின்றபோது அமைதியாக இருந்த எண் சுற்றும்போது நடுங்கினால் சென்டர் துளையில் அழுக்கு, அல்லது ஹெட்ஸ்டாக் அதிர்வு. 25 தடவை சோதனை நன்றாக இருந்து, உண்மையான ஷாஃப்டில் சிதறல் இருந்தால் சர்வீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள். பிழை கேஜுக்கு வெளியே இருக்கிறது.

மின்பகுதியில் பெரும்பாலும் கெடுவது கேபிளும் ரப்பர் பூட்டும்தான். ஸ்லைடோடு கேபிள் நாள் முழுக்க வளைகிறது. ஒரே இடத்தில் கூர்மையாக வளைந்தால் உள்ளே கம்பி அறுந்து, ஸ்லைடு முன்னே வரும்போது மட்டும் எண் குதிக்கும். டிஸ்ப்ளேயைப் பார்த்தபடி கேபிளை விரலால் மெல்ல அசைத்தால் தெரிந்துவிடும். விரல் வெளியே வரும் இடத்து ரப்பர் பூட்டில் ஒரு சின்னக் கீறல் போதும், கூலண்ட் உள்ளே போய் காலையில் சரியாகவும் சூடேறியதும் தப்பாகவும் காட்டத் தொடங்கும். வெப்பப் பிரச்சினை போலவே இருக்கும் இது. மேலே சொன்ன முதல் சோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். கேஜ் கேபிளை ஸ்பிண்டில் மோட்டாரின் டிரைவ் கேபிளோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ஒரு கம்பெனியின் சென்சாரை இன்னொரு கம்பெனியின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டாதீர்கள்: இயக்கும் அதிர்வெண்ணும் உணர்திறனும் வேறுபடும், ஜீரோவில் சரியாகக் காட்டிவிட்டு 50 மைக்ரான் தள்ளித் தப்பாகக் காட்டும்.

மற்ற சென்சார்களைப் பற்றிக் கேட்டீர்கள். வீல் ஷாஃப்டை நோக்கி நகரும் எக்ஸ் அச்சின் இடத்தை அளக்கும் கண்ணாடி ஸ்கேல் முக்கியம், அதிலும் கேஜ் இல்லாத விட்டங்களுக்கு. ஷாஃப்டில் பேரிங் சீட்டைக் கேஜில் முடித்துவிட்டு, பக்கத்துச் சீட்டை அச்சின் எண்ணை வைத்து முடிப்பது வழக்கம். அங்கே மோட்டாரின் என்கோடரை மட்டும் நம்பினால், 400 மி.மீ. பால் ஸ்க்ரூ 6 டிகிரி சூடானதும் சுமார் 28 மைக்ரான் நீண்டுவிடும். நிலைப்படுத்திய முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வேலை நடக்கிறதோ அதற்கேற்ற பங்கு சைஸில் வரும். கண்ணாடி ஸ்கேல் ஸ்லைடையே நேராகப் பார்ப்பதால் இதில் மாட்டாது. ஆனால் அதற்குச் சுத்தமான காற்று வேண்டும்: சுமார் 1 பார் அழுத்தத்தில், ஒரு ஸ்கேலுக்கு நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர். கம்பிரசர் லைனிலிருந்து எண்ணெயும் நீரும் கலந்த காற்றை அப்படியே கொடுத்தால், கூலண்ட் மூடுபனியைத் தடுக்க வைத்த காற்றே கண்ணாடியில் படலம் பூசிவிடும். ஃபில்டர் கிண்ணத்தில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஸ்கேல் அலாரம் வர அதிக நாள் இல்லை.

அகௌஸ்டிக் எமிஷன் சென்சார் அளவு பார்க்காது, ஒலி கேட்கும். வீல் ஷாஃப்டைத் தொடும்போது எழும் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உலோக அதிர்வைப் பீசோ படிகம் பிடிக்கும். வீல் காற்றில் வரும் தூரத்தை வேகமாகக் கடக்கவும், மோதலைத் தடுக்கவும், டிரஸ்ஸிங் முழுதாக நடந்ததா என்று அறியவும் இது பயன்படும். ஆரத்தில் 0.2 மி.மீ. இடைவெளியை நிமிடத்துக்கு 0.6 மி.மீ. வேகத்தில் கடக்க 20 நொடி. தொட்டதும் நிறுத்தச் சென்சார் இருக்கும் தைரியத்தில் 3 மி.மீ. வேகத்தில் வந்தால் 4 நொடி. இந்தச் சென்சாரின் வெற்றி தோல்வி மாட்டும் இடத்தில் இருக்கிறது. ஒலி ஒவ்வொரு இணைப்பிலும் தேயும், அதனால் டெயில்ஸ்டாக்கில் அல்லது டிரஸ்ஸர் ஹோல்டரில், வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகே மாட்டுங்கள். பெயிண்டைச் சுரண்டி, தட்டையாக்கி, மெல்லிய கிரீஸ் தடவி இறுக்குங்கள். பெயிண்டின் மேல் மாட்டிய சென்சார் பாதி செவிடு. வீல் காற்றில் சுற்றி, கூலண்ட் அடிக்கும்போது வரும் அளவை முதலில் பார்த்து, வரம்பை அதற்கு மேல் வையுங்கள். கூலண்ட் இல்லாமல் வரம்பு வைத்தால் கூலண்ட் திறந்ததும் தொட்டதாகச் சொல்லிவிடும். டிரஸ்ஸிங்கின்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் டைமண்ட் வீலின் முழு அகலத்தையும் தொடவில்லை என்று பொருள்; இன்னொரு பாஸ் கொடுங்கள்.

பேலன்ஸ் சென்சார் வீல்ஹெட்டில் இருக்கும் அதிர்வுமானி. 500 மி.மீ. வீல் நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் சுமார் 1,260 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 21 சுற்று. ஷாஃப்ட் நொடிக்கு 2 சுற்று என்றால் சமநிலை கெட்ட வீல் ஷாஃப்டைச் சுற்றிப் பத்துப் பதினோரு அலைகளைப் பதிக்கும், 9 மி.மீ. இடைவெளியில். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அலையை எண்ணுங்கள். எண்ணிக்கையை ஷாஃப்டின் நொடிச் சுற்றால் பெருக்கினால் அதிர்வின் வேர் எது என்று தெரியும். 21-ஐ ஒட்டி வந்தால் வீல், வேறு எண் வந்தால் மோட்டார், பெல்ட், பம்ப் என்று தேடலாம். மாலையில் கூலண்டையும் வீலையும் ஒரே பட்டனில் நிறுத்தாதீர்கள். முதலில் கூலண்டை மூடி, வீல் 5 நிமிடம் உலர்ந்து சுற்றட்டும். ஈரத்தோடு நின்ற வீலில் கூலண்ட் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கி, காலையில் அந்தப் பக்கம் கனமாக இருக்கும்.

கடைசியாக ஆஃப்செட். அளவீட்டு அறை "2 மைக்ரான் சின்னது" என்று சொன்னதும் ஆபரேட்டர் 2 ஏற்றுவார். அடுத்த ஷாஃப்ட் வேறு காரணத்தால் 2 பெரிதாக வரும். மறுபடி 2 குறைப்பார். இப்படி நாம் சிதறலை உண்டாக்கிவிடுகிறோம். நான்கைந்து ஷாஃப்டின் சராசரியை எடுத்து, விலகலில் பாதியை மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் நேரம், கூலண்ட் சூடு, மாஸ்டர் சூடு, ஏற்றிய எண் என்று நான்கு கட்டம் எழுதச் சொல்லுங்கள். தொட்டித் தெர்மாமீட்டரின் விலை சில நூறு ரூபாய். ஒரு வாரம் இந்தத் தாள் நிரம்பட்டும், அதுவரை கேஜ் தலையைக் கழற்ற வேண்டாம். மதியம் 2 மணி வரிசையில் கூலண்ட் எண்ணும் ஆஃப்செட் எண்ணும் ஒன்றாகவே ஏறினால், சில்லர் வேலையிலிருந்து தொடங்குங்கள். கூலண்ட் சீராக இருந்து சைஸ் மட்டும் குதித்தால், ஸ்லைடு ஸ்டாப்பைத் துடைத்து நடுக்கோட்டைப் பார்ப்பதிலிருந்து.